நின்றுபோன தளத்தை மீண்டும் கட்டிய அனுபவம்: சர்வர் தொழில்நுட்பம் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

பழைய இதழ்களில் வெளிவந்த கதை, கட்டுரை, கவிதைகளுக்கு ஓர் அட்டவணைத் தளம் நடத்திவருகிறேன். எந்த இதழ், எந்த மாதம், எந்தப் பக்கம், யார் எழுதியது, எந்தப் புனைபெயரில் எழுதியது என்று தேடிக் கண்டுபிடிக்க உதவும் தளம். தரவைச் சேமித்துவைக்கும் டேட்டாபேஸ் இல்லையென்றால் அதில் தேடல் பெட்டியைத் தவிர வேறெதுவும் மிஞ்சாது. அந்தத் தளம் ஒருநாள் அப்படியே நின்றுபோனது. தரவை மீட்டு, வேறொரு தொழில்நுட்பத்தில் புதிதாகக் கட்டி முடிக்க ஒரு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. தளத்தின் நிரலுக்கு பிஎச்பியா, பைத்தானா, நோடா, தரவை வைக்க எந்த டேட்டாபேஸ் என்று யாரைக் கேட்டாலும் தங்களுக்குப் பழகியதையே சொன்னார்கள். என் தளத்தில் என்ன இருக்கிறது, அதை யார் பராமரிக்கப் போகிறார்கள் என்று ஒருவர்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. அந்தக் கேள்விகளை நானாகவே ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதே இடத்தில் நிற்கிற இன்னொருவர் அவ்வளவு காலத்தைச் செலவழிக்கக் கூடாது என்பதற்காக நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் தளத்தை ஒரு சிறிய நிறுவனம் கட்டித் தந்தது. பிஎச்பி 5, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ், அதற்கு மேல் அவர்களே எழுதிய ஒரு ஃபிரேம்வொர்க், அதாவது தளம் கட்டுவதற்கான அடிப்படை நிரல் சட்டகம். சில வருடங்கள் நன்றாகவே ஓடியது. பிறகு, தளத்துக்கு சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது: பழைய பிஎச்பி வெர்ஷன்களை சர்வரிலிருந்து எடுக்கப் போகிறோம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிஎச்பி 5.6க்கான பாதுகாப்பு ஆதரவு 2018 டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை ஓடவிடுவது அந்த சர்வரில் உள்ள எல்லோருக்கும் ஆபத்து. கட்டித் தந்தவர்களுக்கு எழுதினேன். பதில் இல்லை. தொலைபேசி எண்ணும் மாறியிருந்தது. குறித்த நாளில் பிஎச்பி மாறியது, தளத்தில் வெள்ளைப் பக்கம் மட்டும் வந்தது.

காரணம் என்ன என்று பார்க்க பிழைகள் பதிவாகும் எர்ரர் லாகைத் திறந்தேன். மைஎஸ்க்யூஎல்லோடு பேசுவதற்கு பிஎச்பியில் ஆரம்ப காலத்திலிருந்தே இருந்த பழைய ஃபங்ஷன்களைத்தான் அவர்கள் தளம் முழுக்கப் பயன்படுத்தியிருந்தார்கள். 2013இல் வந்த பிஎச்பி 5.5இலேயே அவற்றைக் கைவிடப் போவதாக அறிவித்துவிட்டார்கள். 2015 டிசம்பரில் வந்த 7.0இல் அவை நீக்கப்பட்டன. மாற்றாக பிடிஓ என்ற இணைப்பு முறை அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே வந்துவிட்டது. சரி, யாரையாவது பிடித்து மாற்றி எழுதிவிடலாம் என்று கோப்புகளைத் திறந்தால், மூல நிரல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தது. பிஎச்பி கோப்புகளை அப்படி மூடித் தருவதற்கென்றே கருவிகள் உண்டு. நான் முழுத் தொகை கொடுத்து வாங்கிய தளத்தின் ஒரு வரியைக்கூட என்னால் திருத்த முடியாது என்பது அன்றுதான் தெரிந்தது. அந்தக் கோபம் தணிய எனக்கு வெகுநாள் ஆனது. கட்டியவர்களுக்குக் கொடுத்த பணம் முழுவதும் போயிற்று. அதோடு, தள்ளுபடிக்காகச் சில வருடங்களுக்குச் சேர்த்துக் கட்டியிருந்த ஹோஸ்டிங் தொகையும் பிறகு பயன்படாமலே போனது.

இதில் பிஎச்பியின் மேல் பழி போட எதுவுமில்லை. விக்கிப்பீடியா இன்றும் பிஎச்பியில்தான் ஓடுகிறது. யாரோ ஒருவர் மட்டும் அறிந்த ஃபிரேம்வொர்க், பூட்டிய நிரல், எப்போது ஆதரவு முடியும் என்று சொல்லாமல் மறைத்தது, இவைதான் தளத்தைக் கொன்றன. ஆகவே யாரிடம் வேலை கொடுத்தாலும் முதல் சந்திப்பிலேயே ஒன்றைக் கேளுங்கள்: நாளை நீங்கள் இல்லாவிட்டால், இதே தொழில்நுட்பம் தெரிந்த இன்னொருவர் இந்த நிரலைத் திறந்து வேலை செய்ய முடியுமா? லாராவெல் (பிஎச்பி), ஜாங்கோ (பைத்தான்), ரெயில்ஸ் (ரூபி), ஸ்பிரிங் (ஜாவா), ஏஎஸ்பி டாட்நெட் என்று பலருக்கும் தெரிந்த, ஆவணங்கள் உள்ள பெயர் ஒன்று பதிலாக வர வேண்டும். 'எங்களுடைய சொந்த ஃபிரேம்வொர்க், இன்னும் வேகமானது' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

தளம் போனாலும் தரவு இருக்கிறதே என்று ஆறுதல்பட்டுக்கொண்டு, ஹோஸ்டிங் பக்கத்தில் இருந்த பிஎச்பிமைஅட்மின் என்ற டேட்டாபேஸ் கருவி வழியாக டேட்டாபேஸை இறக்கினேன். திறந்து பார்த்தபோது தமிழே இல்லை. எல்லா இடத்திலும் லத்தீன் எழுத்துகளும் விசித்திரக் குறிகளும்தான். வாழ்நாளில் சேர்த்ததெல்லாம் அழிந்துவிட்டது என்றே அன்று இரவு நினைத்தேன். மறுநாள் நிதானமாகப் படித்தபோதுதான் விஷயம் விளங்கியது. மைஎஸ்க்யூஎல் 8.0 வரும்வரை, அதாவது 2018 வரை, எதுவும் குறிப்பிடாமல் டேபிள் உருவாக்கினால் அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்-1 குறியாக்கத்தில்தான் உருவாகும். தளம் அனுப்பியதோ எல்லா மொழிகளுக்குமான யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ். ஒரு தமிழ் எழுத்துக்குறி யூடிஎஃப்-8இல் மூன்று பைட் எடுக்கும். டேட்டாபேஸ் அந்த மூன்று பைட்களையும் மூன்று தனி லத்தீன் எழுத்துகள் என்று நம்பிச் சேமித்துவைத்தது. திருப்பிக் கேட்கும்போது அதே பைட்களைத் திருப்பிக் கொடுத்ததால் தளத்தில் தமிழ் சரியாகவே தெரிந்தது. வெளியே எடுக்கும்போதுதான் குட்டு வெளிப்பட்டது.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு: பயப்பட வேண்டாம், பெரும்பாலும் மீட்டுவிடலாம். டேட்டாபேஸை லத்தீன்-1 என்றே சொல்லி இறக்குங்கள். அப்போது பைட்கள் மாறாமல் அப்படியே வரும். பிறகு இறக்கிய கோப்பில் குறியாக்கத்தின் பெயரை மட்டும் யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றி, புதிய டேட்டாபேஸில் ஏற்றுங்கள். வெறும் யூடிஎஃப்8 என்ற பெயரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். மைஎஸ்க்யூஎல்லில் அந்தப் பெயர் ஓர் எழுத்துக்கு மூன்று பைட்வரைதான் ஏற்கும். வழக்கமான தமிழ் எழுத்துகளுக்கு அது போதும். ஆனால் 2019இல் யூனிகோட் 12.0இல் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்னங்களும் அளவைக் குறிகளும் நான்கு பைட் கேட்பவை. பழைய இதழ்களை எடுத்தாள்பவருக்கு அவை ஒருநாள் தேவைப்படும். எதைச் செய்தாலும் மூலக் கோப்பின் பிரதி ஒன்றைத் தொடாமல் தனியே வைத்துக்கொண்டு, இன்னொரு பிரதியில் செய்யுங்கள்.

மீட்க முடியாத இழப்பும் ஒன்று இருந்தது. தலைப்புகளுக்கு 255 என்று நீளம் வைத்திருந்தார்கள். லத்தீன்-1 டேபிளில் அது 255 பைட். தமிழுக்கு வகுத்துப் பார்த்தால் 85 எழுத்துக்குறிகள்தான். மெய்யெழுத்தின் புள்ளி, கொம்பு, துணைக்கால் எல்லாம் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படும் என்பதால், சற்று நீளமான கட்டுரைத் தலைப்பு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். தாண்டியதையெல்லாம் டேட்டாபேஸ் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது. மைஎஸ்க்யூஎல் 5.7இல்தான், 2015இல், இப்படி வெட்டாமல் பிழை என்று நிறுத்தும் கண்டிப்பான முறை இயல்பிருப்பாக வந்தது. சரியாக 255 பைட் நீளமுள்ள பதிவுகளை மட்டும் எடுக்க ஒரு க்வெரி, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி, எழுதிப் பார்த்தேன். நீண்ட பட்டியல் வந்தது. அந்தத் தலைப்புகளை மீண்டும் அச்சு இதழ்களைப் புரட்டித்தான் நிரப்ப முடிந்தது. சில இதழ்கள் இன்னும் கைக்குக் கிடைக்கவில்லை. போன பணத்தைவிட இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ஒவ்வொரு தலைப்பையும் யாரோ ஒருவர் கண் வலிக்கத் தட்டச்சு செய்திருந்தார்.

தரவு கைக்கு வந்த பிறகு, புதிய தளத்தை எதில் கட்டுவது என்ற கேள்விக்கு வந்தேன். இணையத்தில் எங்கே பார்த்தாலும் எது வேகம் என்ற ஒப்பீடுதான். ஒரு விநாடிக்கு எத்தனை கோரிக்கை, எந்த மொழி எத்தனை மடங்கு வேகம் என்று பட்டைகள் வரைந்து காட்டுவார்கள். என்னைப் போன்ற தளத்துக்கு அந்தப் பட்டைகள் எதற்கும் உதவாது. ஒரு பக்கம் தயாராகும் நேரத்தில் பெரும்பகுதி டேட்டாபேஸின் பதிலுக்காகக் காத்திருப்பதில் போகிறது. தேடலை விரைவாக்கும் சரியான இன்டெக்ஸ் இல்லாத டேபிளில் எந்த மொழியும் மெதுவாகத்தான் ஓடும். இன்ஸ்டாகிராம் ஜாங்கோவில் வளர்ந்தது, கிட்ஹப் ரெயில்ஸில் வளர்ந்தது, ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஏஎஸ்பி டாட்நெட்டில் வளர்ந்தது. அவ்வளவு கூட்டத்தை இவை தாங்குமென்றால், நம் தளத்துக்கு வரும் கூட்டம் எதற்கும் ஒரு பொருட்டல்ல. வேகத்தை அளவுகோலிலிருந்து எடுத்துவிட்ட பிறகுதான் எனக்கு யோசனை தெளிந்தது.

அதற்கு முன்னால் இன்னும் சில மாதங்கள் வீணாயின. எனக்கு உதவ முன்வந்த டெவலப்பர் ஒருவர் நோட் ஜேஎஸ்ஸும், தரவை ஆவணங்களாக வைக்கும் மாங்கோடிபி என்ற டேட்டாபேஸும்தான் இன்றைய வழி என்றார். கெட்டிக்காரர், உழைப்பாளி, கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னவர். ஒவ்வொரு படைப்பையும் ஓர் ஆவணமாக வைத்து, அதற்குள்ளேயே எழுத்தாளர் பெயரையும் இதழ் பெயரையும் எழுதிவைக்கும் அமைப்பைச் செய்தார். முதல் சில வாரங்கள் மின்னல் வேகத்தில் பக்கங்கள் வந்தன. அப்புறம் புனைபெயர்கள் வந்தன. ஒரே எழுத்தாளர் நாலைந்து பெயர்களில் எழுதியிருப்பார். ஒரே புனைபெயரை இரண்டு பேர் வெவ்வேறு காலத்தில் பயன்படுத்தியிருப்பார்கள். இன்னாருடைய பெயர்தான் இது என்று புதிதாகத் தெரியவரும்போது, பழைய பதிவுகள் எல்லாவற்றிலும் அது உடனே தெரிய வேண்டும். ஆவணத்துக்குள்ளேயே பெயரை எழுதிவைத்ததால், ஒரு திருத்தத்துக்கு நூற்றுக்கணக்கான ஆவணங்களைத் தேடி மாற்ற வேண்டியிருந்தது; இரண்டு மூன்று விடுபட்டுப்போகும். விடுபட்டதைச் சொல்ல டேட்டாபேஸில் எந்தக் காவலும் இல்லை.

மாங்கோடிபி அதற்கேற்ற இடத்தில் நல்ல கருவி. ஒவ்வொரு பதிவும் தன்னளவில் முழுமையாக, வெவ்வேறு வடிவத்தில் வந்து குவியும் வேலைகளுக்குப் பொருந்தும். என்னுடைய தரவோ முழுக்க உறவுகளால் ஆனது. இதழுக்குள் படைப்பு, படைப்புக்குப் பெயர், பெயருக்குப் பின்னால் ஆள், ஆளுக்குப் பல பெயர்கள். எனவே முதல் கேள்வி இதுதான்: தொழில்நுட்பத்தின் பெயரைப் பேசுவதற்கு முன்னால், ஒரு காகிதத்தை எடுத்து உங்கள் தரவில் எதெல்லாம் தனிப் பொருள், எது எதோடு சேர்கிறது, ஒன்றுக்குப் பல உறவு எங்கே, பலவற்றுக்குப் பல உறவு எங்கே என்று வரைந்துவிடுங்கள். கோடுகள் அதிகமாக வந்தால் போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், மரியாடிபி, எஸ்க்யூலைட் போன்ற உறவுமுறை டேட்டாபேஸ்தான் வேண்டும். அந்தக் காகிதத்தை நான் முதலிலேயே அந்த டெவலப்பர் முன் வைத்திருந்தால் அவரே வேறு வழி சொல்லியிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்வி, அது எங்கே ஓடப் போகிறது, அந்த இயந்திரத்தை யார் பார்த்துக்கொள்வார்கள். இதை யாரும் சொல்லவே மாட்டார்கள், ஆனால் மாதாமாதம் வலிப்பது இதுதான். பிஎச்பியின் பெரிய பலம், ஒரே சர்வரைப் பலர் பகிர்ந்துகொள்ளும் எந்தச் சாதாரண ஷேர்டு ஹோஸ்டிங்கிலும் கோப்புகளை ஏற்றினால் ஓடும் என்பது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகத் தொடங்கி, பதில் கொடுத்து, எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போகும்; நினைவகம் கசிந்தாலும் அடுத்த கோரிக்கைக்கு வராது. பைத்தான், நோட், ரூபி, ஜாவா இவற்றில் உங்கள் நிரல் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு புராசஸ். அது விழுந்தால் தூக்கி நிறுத்த ஏற்பாடு வேண்டும். முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்க என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் வேண்டும். பைத்தானுக்கு, அந்தக் கோரிக்கைகளை நிரலிடம் சேர்க்க, கூனிகார்ன் போன்ற ஒன்று நடுவில் வேண்டும். கோரிக்கைகளைக் கவனிக்க அது திறக்கும் ஒவ்வொரு வொர்க்கரும், அதாவது நிரலின் ஒவ்வொரு பிரதியும், தனியே நினைவகம் எடுக்கும். இதற்கெல்லாம் விபிஎஸ் எனப்படும் மெய்நிகர் தனி சர்வர் எடுத்தால், இயங்குதள அப்டேட், ஃபயர்வால், எஸ்எஸ்எல் சான்றிதழ், பேக்கப் எல்லாம் உங்கள் தலையில். அதைச் செய்ய ஆர்வமும் நேரமும் இல்லாதவர், பக்கத்தில் செய்து தர ஆளும் இல்லாதவர், ஷேர்டு ஹோஸ்டிங்கில் லாராவெல்லோ அதைவிட எளிய பிஎச்பி அமைப்போ போதும் என்று முடிவெடுப்பதுதான் புத்திசாலித்தனம். அல்லது சர்வர் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் மேலாண்மைச் சேவைகளுக்குக் கூடுதலாகக் கட்டணம் கொடுக்கலாம். எனக்கு லினக்ஸ் ஓரளவு பழக்கம் என்பதால் விபிஎஸ்ஸுக்குத் துணிந்தேன். அப்படியும் நினைவகம் நிரம்பி லினக்ஸே டேட்டாபேஸ் புராசஸை நிறுத்திய இரவுகள் ஆரம்பத்தில் வந்தன. வொர்க்கர்களைக் குறைத்த பிறகுதான் அது நின்றது.

சின்னத் தளம், ஒரே ஆள் எழுதுகிறார், மற்றவர்கள் படிக்க மட்டும்தான் வருகிறார்கள் என்றால் டேட்டாபேஸ் சர்வரே தேவையில்லாமலும் இருக்கலாம். எஸ்க்யூலைட் ஒரே கோப்புதான். ஒரு நாளைக்கு ஒரு லட்சம் கோரிக்கைக்குக் குறைவான எந்தத் தளத்துக்கும் அது போதும் என்று அதை உருவாக்கியவர்களே எழுதியிருக்கிறார்கள். அதுவும் குறைத்துச் சொன்ன கணக்கு என்கிறார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும் என்பது அதன் எல்லை. எனக்குப் பல தன்னார்வலர்கள் ஒரே நேரத்தில் பதிவேற்றுகிறார்கள், அதனால் அந்த வழியை விட்டேன்.

அந்தத் தன்னார்வலர்கள்தான் மூன்றாவது கேள்வியைக் கொண்டுவந்தார்கள்: தரவை உள்ளிடப் போவது யார்? பார்வையாளர் பார்க்கும் பக்கங்களைப் பற்றியே எல்லோரும் பேசுவோம். ஆனால் டேட்டாபேஸ் தளத்தில் பாதி வேலை, யாரும் பார்க்காத உள்ளீட்டுப் பக்கங்களில் இருக்கிறது. ஒவ்வொரு டேபிளுக்கும் சேர்க்க, திருத்த, தேட, அழிக்க, யாருக்கு என்ன அனுமதி என்று தீர்மானிக்கப் படிவங்கள் வேண்டும். ஜாங்கோ அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்தது. 2005இல் பொதுவெளிக்கு வந்தது. பத்திரிகைக்காரர்கள் தாங்களே செய்தியை உள்ளிட வேண்டும் என்ற தேவையிலிருந்து வந்ததால், டேபிள்களை நிரலில் வரையறுத்துவிட்டால் நிர்வாகப் பக்கங்கள் தாமாகவே உருவாகும் வசதி அதில் கூடவே வருகிறது. லாராவெல்லிலும் ரெயில்ஸிலும் இதற்குத் தனித் தொகுப்புகளைச் சேர்த்துக்கொள்ளலாம், அவை நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் வெளியார் எழுதிய தொகுப்பு ஒன்று கூடினால், நாளை அப்டேட் செய்யும்போது ஒத்துப்போகுமா என்று பார்க்க வேண்டிய பொருளும் ஒன்று கூடுகிறது.

இத்தனைக்கும் பிறகு என் பட்டியலில் லாராவெல்லும் ஜாங்கோவும் மிஞ்சின. இரண்டிலும் பயிற்சிப் பாடங்களில் வரும் சின்ன வலைப்பதிவைக் கட்டிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது எதிலும் அழகாகவே வரும். உங்கள் தளத்திலேயே மிகச் சிக்கலான பக்கத்தை உண்மையான தரவோடு இரண்டிலும் கட்டிப் பாருங்கள். என் விஷயத்தில் அது எழுத்தாளர் பக்கம்: அவருடைய எல்லாப் பெயர்களும், அந்தப் பெயர்களில் வந்த படைப்புகளும், அவை வந்த இதழ்களும் காலவரிசையில். இரண்டிலுமே முதலில் பக்கம் திறக்க யுகம் ஆனது. டேட்டாபேஸுக்குப் போகும் க்வெரிகளை எழுதிவைக்கச் சொல்லிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. ஒவ்வொரு படைப்புக்கும் அதன் இதழ் எது என்று தனித்தனியாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. நூறு படைப்பு என்றால் நூற்றுக்கும் மேல் க்வெரி. உறவுள்ள டேபிளையும் சேர்த்தே எடுத்துவா என்று ஜாங்கோவிலும் லாராவெல்லிலும் ஒரு வரியில் சொல்லிவிடலாம்; சொன்னதும் நாலைந்து க்வெரியில் முடிந்தது. எந்த ஃபிரேம்வொர்க் எடுத்தாலும் இந்த க்வெரிக் கணக்கைக் காட்டும் கருவியை முதல் நாளிலேயே போட்டுக்கொள்ளுங்கள். வேகத்தில் இரண்டும் சமமாக நின்றன. நிர்வாகப் பக்கங்களுக்காகவும் எனக்குப் பைத்தான் படிக்க எளிதாக இருந்ததாலும் ஜாங்கோவை எடுத்தேன். பிஎச்பி நன்கு தெரிந்தவர் என் இடத்தில் இருந்தால் லாராவெல்லை எடுத்திருப்பார், அதுவும் சரியான முடிவாகவே இருந்திருக்கும்.

டேட்டாபேஸ் தேர்வில் மட்டும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. தமிழ் உள்ளடக்கம் உள்ள தளத்துக்கு நான் போஸ்ட்கிரெஸ்தான் சொல்வேன். பிழையான யூடிஎஃப்-8 பைட்களை அது உள்ளே விடாது. பாதியில் வெட்டுப்பட்ட எழுத்து வந்தால் அங்கேயே நின்று பிழை சொல்லும். என் பழைய தரவில் மிஞ்சியிருந்த அழுகலை அதுதான் காட்டிக்கொடுத்தது. அடுத்தது, டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகளையும் ஒரே பரிவர்த்தனைக்குள் வைக்கலாம். மாற்றம் பாதியில் தோற்றால் எதுவுமே நடக்காததுபோல் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மைஎஸ்க்யூஎல்லில் அத்தகைய கட்டளை ஒவ்வொன்றும் உடனே உறுதியாகிவிடும் என்பதால், தோற்ற இடத்தில் பாதி மாறிய டேபிள்களோடு நாம் நிற்போம். தேடலிலும் ஒரு நன்மை. 2019இல் வந்த போஸ்ட்கிரெஸ் 12இலிருந்து தமிழுக்கான வேர்ச்சொல் பிரிப்பு அதிலேயே இருக்கிறது. வேற்றுமை உருபு ஒட்டிய சொற்களைத் தேடுவதில் அது பெரிய உதவி. எல்லாச் சொல்லுக்கும் சரியாக வராது, சந்தி சேர்ந்த சொற்களில் தடுமாறும், என்றாலும் ஒன்றுமே இல்லாததற்கு எவ்வளவோ மேல்.

அகரவரிசை விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எந்த ஒப்பீட்டிலும் இதை நான் பார்த்ததில்லை. யூனிகோடில் 'ன' என்ற எழுத்து 'ந'வுக்கு அடுத்தே இருக்கிறது. 'ற' என்பது 'ர'வுக்கு அடுத்து. வெறும் குறி எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் 'மனம்' முன்னாலும் 'மரம்' பின்னாலும் வரும். அகராதி பார்த்துப் பழகியவர் கண்ணுக்கு அது உடனே உறுத்தும். போஸ்ட்கிரெஸ் 10இலிருந்து ஐசியூ என்ற பன்மொழி நிரல் நூலகத்தின் வரிசை முறைகளைப் பயன்படுத்த முடியும். பெயர், தலைப்பு நெடுவரிசைகளுக்குத் தமிழ் வரிசை என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். இன்னொன்று, 'கொ' என்ற எழுத்தை 'க'வோடு ஒகரக் குறி என்ற ஒற்றைக் குறியைச் சேர்த்தும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான். டேட்டாபேஸுக்கு அவை வெவ்வேறு சொற்கள். வெவ்வேறு விசைப்பலகைகளிலிருந்து உள்ளீடு வரும் தளத்தில் தேடல் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உள்ளே வரும் எல்லாத் தமிழையும், பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிட்டுச் சேமியுங்கள். தேடல் பெட்டியில் தட்டியதையும் அப்படியே மாற்றிவிட்டுத் தேடுங்கள். பைத்தானில் இது ஒரு வரி வேலை; பிஎச்பியில் இன்டில் நீட்சி இருந்தால் அதிலும் ஒரு வரிதான்.

கடைசியாக, ஆதரவுக் காலம். என் முதல் தளம் விழுந்ததே இதனால்தான் என்பதால் இதில் நான் கண்டிப்பானவன். ஒவ்வொரு பெரிய தொழில்நுட்பமும் எந்த வெர்ஷனுக்கு எதுவரை பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்று தேதி போட்டு வெளியிடுகிறது. ஜாங்கோவின் நீண்டகால ஆதரவு வெர்ஷன்கள் ஏறக்குறைய மூன்று வருடம். 2025 ஏப்ரலில் வந்த 5.2க்கு 2028 ஏப்ரல் வரை. போஸ்ட்கிரெஸின் ஒவ்வொரு பெரிய வெர்ஷனுக்கும் ஐந்து வருடம். நோட் ஜேஎஸ்ஸின் இரட்டைப்படை வெர்ஷன்களுக்கு வெளிவந்ததிலிருந்து மூன்று வருட அளவு. தளம் தொடங்கும் நாளிலேயே இந்தத் தேதிகளை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். அதற்கு ஆறு மாதம் முன்னாலேயே வெர்ஷன் ஏற்றும் வேலைக்கு நேரமும் பணமும் ஒதுக்கிவைக்க வேண்டும். கட்டும்போது ஆகும் செலவை மட்டும் கணக்கிட்டால், மூன்றாம் வருடம் வரும் இந்தச் செலவு திகைக்க வைக்கும்.

புதிய சர்வரை அமைக்க உதவிய டெவலப்பரோடு எழுத்தில் சில விஷயங்களை ஒப்புக்கொண்டோம். மூல நிரல் முழுவதும் என் பெயரில் உள்ள கிட் களஞ்சியத்தில், அதாவது நிரலையும் அதன் மாற்றங்களையும் சேமிக்கும் இடத்தில், இருக்க வேண்டும். டொமைனும் சர்வர் கணக்கும் என் மின்னஞ்சலில். தினமும் டேட்டாபேஸ் பேக்கப், வேறொரு இடத்துக்கு. கடைசித் தவணை, அவர் எழுதித் தரும் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஒரு வெற்று சர்வரில் தளத்தை நிறுவி, பேக்கப்பிலிருந்து தரவை ஏற்றி, தேடல் வேலைசெய்வதைப் பார்த்த பிறகுதான். அவர் தயங்காமல் சம்மதித்தார். முதல் முறை நிறுவியபோது குறிப்பில் விடுபட்ட இரண்டு அமைப்புகள் தெரியவந்தன, அவற்றைச் சேர்த்துத் தந்தார். இரண்டாம் முறை தளம் முழுதாக எழுந்து நின்றது. அன்று மாலையே தொகையை அனுப்பிவைத்தேன்.